பழைய தொலைபேசி எண்ணைத் திருப்பிக் கேட்டு

அனுப்புநர்
கு. ரா. துளசிராம்,
கணித ஆசிரியர்,
கோச்சடை, மதுரை – 16.

பெறுநர்
கோட்டப் பொறியாளர் அவர்கள்,
தொலைபேசி அலுவலகம்,
மதுரை.

பொருள்: நானே மனுக் கொடுத்து மாற்றிக்கொண்ட வீட்டுத் தொலைபேசி எண்ணை மீண்டும் எங்களுக்கே வழங்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஒரே மகள் ஸ்ரீவர்ஷினி 2007 ஆடி மாதம் ரத்தப் புற்றுநோயோடு மருத்துவமனையில் இருந்தாள். வயது ஒன்பது. ஓ நெகட்டிவ் ரத்தம் வேண்டியிருந்தது. சொந்தபந்தத்தில் ஒருவருக்கும் அந்த வகை இல்லை. என் அண்ணன் மகன் பாலமுரளி ஆரப்பாளையம் பிரவுசிங் சென்டர் ஒன்றில் உட்கார்ந்து, ஆர்குட் என்னும் இணையதளத்தில் குழந்தையின் பெயரையும் எங்கள் வீட்டு எண்ணையும் போட்டு, "நாளைக்குள் வேண்டும், நண்பர்களுக்கும் அனுப்புங்கள்" என்று எழுதினான். அவசரத்தில் தேதி போடவில்லை.

2. அன்று சாயங்காலமே முகம் தெரியாதவர்கள் வந்து நின்றார்கள். உசிலம்பட்டியிலிருந்து பைக்கில் வந்த விருமாண்டி என்ற தம்பி ரத்தம் கொடுத்துவிட்டு, ஒரு டீ கூடக் குடிக்காமல் போனார். இன்டர்நெட்டால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று வகுப்பில் முழங்கிக்கொண்டிருந்தவன் நான். இப்போது முழங்குவதில்லை. அவர்கள் கொடுத்த ரத்தத்தில் என் மகள் ஆவணி வரை இருந்தாள். பிறகு இறந்துவிட்டாள்.

3. பாலமுரளி தான் எழுதியதை அழித்துவிட்டான். அதற்குள் எத்தனையோ பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். படிக்கிறவர்களுக்கு அது இன்றைய செய்திதான். கோவை, சென்னை, மஸ்கட் என்று இரண்டு வருடமாக அழைப்பு வந்துகொண்டே இருந்தது. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை, ஐயா. அழைத்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்.

4. போனை எடுப்பது என் மனைவி சூடாமணி. "புள்ளைக்கு ரத்தம் கிடைச்சிருச்சாக்கா?" என்று கேட்பார்கள். "கிடைச்சிருச்சுண்ணே. நல்லாருக்கா. ஸ்கூலுக்குப் போயிருக்கா" என்பாள். வருஷா வருஷம் வகுப்பும் ஏற்றிவிட்டாள். கடைசியாக வந்த அழைப்பில் ஆறாப்பு. வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். அதில் மகளின் பெயரைச் சொல்வதையே அவள் விட்டிருந்தாள். போனில், தமிழில் மட்டும் மகளைப் பற்றிப் பேசுவாள். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்து அறையில் என்னால் உட்கார முடியவில்லை. ஆகவே எண்ணை மாற்றித் தரும்படி சென்ற மாதம் அவளிடம் சொல்லாமல் மனுக் கொடுத்தேன்.

5. தாங்கள் மறுவாரமே மாற்றிக் கொடுத்தீர்கள். நன்றி. அரசாங்கக் காரியம் ஆமை வேகம் என்பார்கள். என் மனுவும் அந்த வேகத்திலேயே போயிருக்கக் கூடாதா என்று இப்போது நினைக்கிறேன். மணி அடிப்பதில்லை. சூடாமணி அடிக்கடி ரிசீவரை எடுத்து, லைன் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்துவிட்டு வைக்கிறாள். எல்லாரும் பிள்ளையை மறந்துவிட்டார்கள் என்று முந்தாநாள் சௌராஷ்டிரத்தில் சொல்லி அழுதாள். நான் செய்த காரியத்தை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

6. ஆகவே பழைய எண்ணை எங்களுக்கே திருப்பி வழங்குமாறு மிகவும் பணிந்து கேட்கிறேன். ஒருவேளை அது வேறொருவர் வீட்டுக்குப் போயிருந்தால், பிடுங்கித் தரச் சொல்வது நியாயமில்லை. அந்த வீட்டாரிடம் தாங்கள் ஒரு வார்த்தை மட்டும் சொல்ல வேண்டும். ரத்தம் கொடுக்க யாராவது அழைத்தால், அப்படி ஒரு குழந்தை இங்கே இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். ரத்தம் கிடைத்துவிட்டது, குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று சொல்லச் சொல்லுங்கள்.

இணைப்பு: பழைய எண்ணின் கடைசி ரசீது நகல்.

இடம்: மதுரை
நாள்: 14.9.2009

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கு. ரா. துளசிராம்
(ஸ்ரீவர்ஷினியின் தகப்பனார்)