ஞாயிறு பத்து மணி அலைவரிசை

லெம்விக், 5 ஜனவரி, ஞாயிறு

பன்னிரண்டு வருடமாக ஞாயிறு பத்து மணிக்கு நான் நடத்தும் அமெச்சூர் வானொலி வட்டம் கூடும் அலைவரிசையில் இன்று ஒரு டச்சுக்காரர் உட்கார்ந்திருந்தார். பெயர் வீபே. இது எங்கள் இடம் என்றேன்.

"அப்படியாம்மா? போர்டு எதுவும் காணோமே" என்றார்.

கருவியை அணைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அலைவரிசை யாருக்கும் சொந்தமில்லை, முதலில் வந்தவருக்கே இடம் — எனக்குத் தெரியாத விதியா? புதிதாக உரிமம் எடுப்பவர்களுக்கு நான்தானே பாடம் நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் ட்ரோல்ஸுக்கு ஒரே சிரிப்பு. உங்கப்பா சீதனமாகக் கொடுத்ததா என்கிறார்.

6 ஜனவரி

ஃபாரோ தீவுகளிலிருந்து மார்யுன் தொலைபேசியில் பேசினாள். புருஷன் போனபின் அந்தச் சின்னத் தீவில் தனியாக இருப்பவள். வாரத்தில் அவள் வாய்விட்டுப் பேசுவது எங்கள் வட்டத்தில்தான். "காபிய வச்சுக்கிட்டு பதினொண்ணு வரைக்கும் தேடினேன்டி" என்றாள். என் வீம்புக்கு அவளைப் பலி கொடுத்திருக்கிறேன். சே.

12 ஜனவரி, ஞாயிறு

மானம் கப்பலேறியது. இடம் காலியா என்று கேட்டேன், சத்தமில்லை. உடனே மார்யுனை அழைக்கத் தொடங்கினேன். குறுக்கே வீபே.

"ஒரு போர்ச்சுகல்காரர் பேசிக்கிட்டிருக்கார். அவர் குரல் உங்க ஊருக்கு எட்டாது. கேட்டுட்டு ரெண்டு மூச்சு பொறுக்கக் கூடாதாம்மா?"

என் காதுக்குக் கேட்கவில்லை என்றால் காலி என்று அர்த்தமா? முதல் வகுப்பிலேயே இதைத்தான் சொல்லித் தருகிறேன்! மன்னிப்புக் கேட்டேன். மார்யுனைப் பற்றியும் சொன்னேன். பிறகு அலைவரிசையில் கொஞ்சம் மேலே நகர்ந்து காத்திருந்தேன். பத்து நிமிடத்தில் மார்யுன் வந்துவிட்டாள். பழைய இடத்தில் தேடியவளுக்கு வீபேதான் வழி சொல்லி அனுப்பினாராம்.

நல்ல மனிதர்தான் போலிருக்கிறது. ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

19 ஜனவரி

புயல். ஆண்டெனா கம்பி அறுந்தது, வட்டம் இல்லை.

26 ஜனவரி, ஞாயிறு

பத்தாக ஐந்து நிமிடம். இடம் காலியா என்று கேட்டுவிட்டுப் பொறுத்தேன்.

"காலி இல்லம்மா." வீபேதான்.

சரி, நகரலாம் என்று குமிழில் கைவைத்தேன்.

"ஒன்பதரைலேர்ந்து உங்களுக்காகத்தான் பிடிச்சு வச்சிருக்கேன். இல்லேன்னா வேற யாராவது உக்காந்திருப்பாங்க. மார்யுனும் வந்தாச்சு. எடுத்துக்குங்க, நான் கிளம்பறேன்."

எங்கே கிளம்புவது? மார்யுன் அவரிடம் தன் ஆடுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தாள். நான் வாயைத் திறக்கப் பதினொன்றே கால் ஆயிற்று.