வெறும் மண்ணில் அடை

3.11.81, செவ்வாய்

காலையிலிருந்து பனிமூட்டம். மழை இல்லை, ஆனாலும் சட்டை ஈரம். கறுப்புக் கோழிக்கு அடை பிடித்துவிட்டது. முட்டையும் இல்லை, மேய்ச்சலும் இல்லை. கூட்டில் உட்காராமல் வீட்டுக்குப் பின்னால் சௌசௌப் பந்தலடியில், வெறும் மண்மேல். தூக்கப் போனேன். புறங்கையில் சதையைப் பிய்த்துவிட்டது. சனியன்.

வாங்க: ம.எண்ணெய், புகையிலை, புண்ணுக்கு மஞ்சள் மருந்து.

பாக்கியம் இன்றும் வேலைக்குப் போகவில்லை. பிள்ளை இறந்து பிறந்து ஒரு மாதம். கேட்டதற்குத் தலையாட்டுகிறாள், அவ்வளவுதான். கட்டினவளின் குரலே மறந்துவிடும் போலிருக்கிறது.

4.11, புதன்

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா: "பச்சத் தண்ணில ரெண்டு முக்கு முக்குலா தம்பி. சூடு தணிஞ்சா அடை தெளிஞ்சிடும்." முக்கினேன். இந்தக் குளிரில் என் விரல்தான் விறைத்தது. கோழி நடுங்கக்கூட இல்லை. அதை வாளிக்குள்ளேயே அழுத்திக்கொண்டு, முட்டை ஏதும் கிடக்கிறதா என்று பந்தலடி மண்ணைத் தடவினேன். முட்டை இல்லை. மண் சுட்டது, இப்போதுதான் அடுப்புச் சாம்பல் கொட்டிய இடம்போல.

இந்த நோட்டை யாரும் பார்ப்பதில்லை, எழுதலாம். அந்த இடம்தான். பிள்ளை பிறந்த அன்றைக்கு இடி, மழை. இடுகாட்டு மேட்டில் சேறு, ஏற முடியவில்லை. துணிச்சுருளோடு திரும்பி வந்து, ஆள் இல்லாத நேரத்தில் பந்தலடியில் குழி வெட்டினேன். பெற்றவளுக்கு இடம் காட்டுவதில்லை என்பது நம் வழக்கம். அது எனக்கு வசதியாகப் போயிற்று. மேட்டில் வைத்தேன் என்று சொல்லிவிட்டேன். தெரிந்தால் அவள் அந்த மண்ணைவிட்டு எழமாட்டாள். எனக்கு அந்தப் பயம்தான்.

5.11, வியாழன்

நேற்று மாலை கோழியைக் குசினியில் அடுப்போரம் கூடை கவிழ்த்து அடைத்தேன், மேலே அம்மிக்குழவி. காலையில் கூடை கவிழ்த்தபடி, குழவி வைத்தபடி. உள்ளே கோழி இல்லை. பந்தலடியில் இருந்தது.

பாக்கியத்திடம் கத்தினேன். "நான் தொடல" என்றாள். ஒரு மாதத்தில் முதல் பேச்சு. கூடையை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போக அரை மணி பிந்திவிட்டது. கைக்கட்டைப் பார்த்து, காரணம் கேட்டுவிட்டு, கங்காணி: "என்னலா, கோழிகூட சண்டையா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஞாயிறு பிரிஞ்சாங் சந்தைக்குக் கோழியைக் கொண்டுபோய் விற்றுத் தள்ளிவிட வேண்டும்.

6.11, வெள்ளி

மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. வேலை விட்டு வந்தால், பாக்கியம் பந்தலடியில் குந்தியிருக்கிறாள். கை கோழியின் வயிற்றுக்கு அடியில். அவளை அது கொத்தவில்லை. என் காலடிச் சத்தத்துக்கு அவள் தலை திரும்பியது, கோழியின் தலையும்.

"சூடா இருக்குங்க" என்றாள்.

கீழே ரிங்லெட் ஊர்ப் பக்கம் இடி.

"அடை வெச்சா, இடிக்கு இரும்பு வெப்போம், கரி வெப்போம். இல்லேன்னா உள்ள இருக்கறது கெட்டுப்போயிடும்." உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். "அன்னிக்கும் இடிச்சுச்சே. இங்க நீங்க வெச்சீங்களா?"

இல்லை என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று.

அவள் அழவில்லை. என் இடுப்பிலிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவினாள். பயந்துவிட்டேன், பொய் சொல்வானேன். கோழி தானாக எழுந்து ஒதுங்கி நின்றது. கூர் வெளிப்பக்கம் பார்க்கக் கத்தியை மண்ணில் படுக்கவைத்து, கையால் மண்ணைத் தள்ளி மூடினாள். கோழி திரும்ப வந்து உட்கார்ந்தது.

"எடுத்துடாதீங்க" என்றாள்.

நாளைக்கும் கவ்வாத்துதான், கத்தி இல்லை. கங்காணியிடம் என்ன சொல்வது. கரி இன்னும் வைக்கவில்லை. அடுப்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஆறவைத்திருக்கிறேன். மழை விழுவதற்குள் போக வேண்டும், அவள் கூப்பிடுகிறாள்.