அப்பாவின் சட்டையைத் துவைத்துவிட்டேன்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது, அதாவது சொல்வது. பேனா உன் தம்பியிடம். இங்கே எல்லாரும் சுகம்தான், என் வலது மணிக்கட்டைத் தவிர. அதற்கு மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், பயப்படாதே. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எனக்கு அதுவே பாதி மருந்து. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டதும் நான் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறேன், அதனால்தான் இவனைப் பிடித்து உட்காரவைத்தேன். சொல்வதை அப்படியே எழுது, உன் குறும்பைச் சேர்க்காதே என்றும் சொல்லியிருக்கிறேன். (சேர்க்கவில்லை அக்கா. அடைப்புக்குறிக்குள் இருப்பது சேர்த்தி இல்லை.)

அப்பா போனபிறகு வீட்டில் சத்தமே இல்லை என்று உனக்குத் தெரியும். போன மாதம் பல்பு வாங்கப் போன இவன் எனக்குப் பல்பு கொடுத்துவிட்டு, தெருநாய்க் காப்பகத்திலிருந்து ஒரு நாயோடு வந்து நின்றான். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். தெருவில் அடிபட்டுக் கிடந்ததாம், குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து இரண்டு வீடுகளுக்குக் கொடுத்து, இரண்டு வீட்டுக்காரர்களும் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்களாம். ஏன் என்று அன்று சாயங்காலமே தெரிந்தது. கதவு, செருப்பு ஸ்டாண்டு, அரிசி டின், மாடிப்படி, எதைப் பார்த்தாலும் காலைத் தூக்கிவிடுகிறது. (பார்க்கிற இடமெல்லாம் கையெழுத்துப் போடுவதால் மேனேஜர் என்று பெயர் வைத்தேன். கையெழுத்து இல்லை, காலெழுத்து.) ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே, இன்னும் ஏன் நிற்கவில்லை என்று நாய் டாக்டரம்மாவிடம் கேட்டேன். பழகினது கத்தியோட போயிடாதும்மா, புது இடம், பயம், இது என் வீடுதான்னு தனக்குத்தானே சொல்லிக்குது, அடிக்காதீங்க, அடிக்கடி வெளியே கூட்டிட்டுப் போங்க, அங்க போனா தட்டிக்கொடுத்து ஒரு பிஸ்கட் போடுங்க, உள்ள போன இடத்தை வாசனையே இல்லாம கழுவுங்க என்றார். அப்படிக் கூட்டிப்போனபோதுதான் ஒரு பூனையைக் கண்டு இழுத்தது, நான் விழுந்தேன், இந்தக் கட்டு.

கொஞ்சம் கொஞ்சமாகக் கதவை விட்டது, அரிசி டின்னை விட்டது. அப்பாவின் நாற்காலியை மட்டும் விடவில்லை. கடைசியாக பஸ் ஓட்டிவிட்டு வந்து அவர் கழற்றி மாட்டிய சட்டை அதன் முதுகில் அப்படியே தொங்கியது. அப்பாவை எடுத்த அன்று, லீவு கிடைக்காமல் நீ வர முடியாமல்போய்ப் போனில் கேட்டாயே, அதை மட்டும் துவைச்சிடாதேம்மா, நான் வந்து ஒரு தடவை முகத்தை வச்சுக்கறேன் என்று. அதற்காகவே தூசிகூடத் தட்டவில்லை. டீசலும் வலித்தைலமும் வேர்வையும் கலந்த அந்த வாசனை. யாரும் இல்லாதபோது நானும் போய் நிற்பேன். (நான் இருக்கும்போதும்தான்.) ஒரு மத்தியானம் பார்த்தால் நாற்காலி மெத்தையும் சட்டையின் கீழ்ப்பாதியும் நனைந்திருந்தன. நனைந்த ஓரத்தை மட்டும் இவனைக் கசக்கச் சொன்னேன், நாற்காலியை மேஜைமேல் ஏற்றச் சொன்னேன், அறையைச் சாத்தினேன். அது அறைக்கதவிலேயே காலைத் தூக்கியது. பாதி கழுவினா மீதி வாசனை அதைக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கும் என்றார் டாக்டரம்மா. நாயை வச்சுக்கிறீங்களா, வீட்டை வச்சுக்கிறீங்களா, ஒண்ணைச் சொல்லுங்க என்று வீட்டுக்காரர் படியில் நின்று கேட்டார். கூட்டிவந்த இவனே, திருப்பிக் குடுத்துடலாம்மா, அப்பா சட்டை போயிடும் என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை.

சரி என்று அதன் போர்வையை மடித்துப் பைக்குள் வைத்தேன். வழக்கமாகக் கயிற்றை எடுத்தாலே துள்ளுகிற நாய் அன்றைக்குத் துள்ளவில்லை. தானாகப் போய் வாசலருகே சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. போய்ப் பழகிய நாய். எனக்கு அதற்குமேல் முடியவில்லை கண்ணம்மா. போர்வையை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, சட்டையையும் மெத்தை உறையையும் வினிகர் கலந்த தண்ணீரில் முக்கினேன். நான் இடக்கையால் பிடித்துக்கொள்ள இவன் கசக்கினான். முதல் தண்ணீர் கறுப்பாக இறங்கியது. அதைக் கொட்ட எனக்குக் கை வரவில்லை, இவன்தான் கொட்டினான். காய்ந்தபின் பழையபடி மாட்டினோம். மேனேஜர் வந்து மோந்து பார்த்தது, சுற்றிப் பார்த்தது, காலைத் தூக்காமல் போய்விட்டது. வாசனை போனதும் அதற்கு அது யாரோ ஒருவருடைய நாற்காலி. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நீ கேட்டது அந்த ஒன்றைத்தான், அதையும் என்னால் காப்பாற்ற முடியவில்லை. கோபப்படு, திட்டு, ஆனால் மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதே. லீவு கிடைக்கும்போது வா. வந்ததும் நேராக அதன் தலையைத் தடவப் போகாதே, கீழே உட்கார்ந்து கையை நீட்டு, அது உன்னை மோந்து பார்த்துக்கொள்ளட்டும். ஒரு குறையுமில்லாமல் நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இடக்கையால் கோணலாகக் கையெழுத்துப் போடும்
உன் அம்மா

(அக்கா, தண்ணீரில் முக்குவதற்கு முன்னால் சட்டையை ஒரு தடவை நன்றாக மோந்து பார்த்தேன், உன் பங்குக்கும் சேர்த்து. எப்படி இருந்தது என்று உனக்கு எழுதலாம் என்றுதான் இந்த இடத்தை விட்டுவைத்தேன். எழுத வரவில்லை.)