மசக்கை மண்

இன்று காலை, அறுபதை நெருங்கும் இந்த ஆம்பிளை, வேட்டியை மறந்துவிட்டுக் கக்கூசுக்கு ஓடினேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் பூச்சி மருந்து கொடுக்கிறார்கள். “கணக்கப்பிள்ளைக்கு எங்கேயிருந்து பூச்சி வரும்?” என்று மீசையை நீவிய எனக்குத்தான் முதல் வில்லை. பின்னாலேயே பேதி உப்பு. வரிசை வீடுகளில் இருக்கிற லயத்துச் சனமே வாசலில் நின்று சிரித்தது. நீ இருந்திருந்தால், “மானத்தையாவது கையில புடிச்சுக்கிட்டு ஓடியிருக்கலாம்ல?” என்றிருப்பாய்.

அந்த மருந்துக்கு ஓம வாசனை. நாக்கில் பட்டதும் நீ வந்துவிட்டாய்.

அப்போது ஹந்தானை மலை முழுக்கக் கோப்பிச் செடிதான்; தேயிலை வராத காலம். கல்யாணமான மறுவருஷம், கோப்பிப் பழம் உரிக்கிற ஆலைக்குப் பின்னால் நீ செம்மண்ணைப் பெயர்த்துத் தின்றதைக் கங்காணியின் பெண்சாதி பார்த்துவிட்டாள். அவள் பார்த்தால் கண்டியே பார்த்த மாதிரி. நான் வேலை விட்டு வருவதற்குள் பிள்ளைக்குப் பெயர் வைப்பது வரைக்கும் பேசி முடித்திருந்தார்கள்.

“நாள் தள்ளிப் போச்சாடி?”

“மூணு மாசமிருக்கும்க்கா. நெஞ்சுக்குக் கீழ ஒரே எரிச்சல்.”

“பெறகென்ன! மண்ணு கேக்குதுன்னா மசக்கைதான்” என்று ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள்.

நான் மண் பொறுக்கும் புருஷனானேன். மழை விட்டதும் மலைச்சரிவில் மோந்து மோந்து பார்த்து, நல்ல மண்ணாக மடியில் கட்டிக்கொண்டு வருவேன். ‘அவனவன் பெண்சாதிக்கு மாங்காய் திருடுறான், நான் துரையோட பூமியையே திருடுறேன்’ என்று ஜம்பம் வேறு. நீ கண்ணை மூடி மென்று, “நேத்து மண்ணுதாங்க ருசி” என்பாய்.

வளைகாப்புக்குக் கண்டியிலிருந்து வளையல்காரரை வரவழைத்தோம். போட்ட வளையலெல்லாம் உன் கையிலிருந்து வழுக்கி விழுந்தது. கடைசியில் சின்னப் பெண்கள் போடுகிற அளவைத்தான் மாட்டினார். வயிறும் காலும் மட்டும் வீங்கியிருந்தன. முகம் கோப்பிப் பூவாக வெளுத்திருந்தது. தாய்மைக் களை என்றார்கள். வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாய். “பய என் நிறத்துக்கு வர்றான்” என்றேன். அதற்கும் சிரித்தாய்.

பத்து மாதம் கடந்தது. “உங்க புள்ளயாச்சே, எறங்கச் சோம்பல்” என்றாய், பாதிப் பேச்சில் மூச்சு வாங்கியபடி. பயந்துபோய்க் கம்பளையிலிருந்து மருத்துவச்சியை அழைத்து வந்தேன். அந்த அம்மாள் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், காது வைத்துக் கேட்டாள், உன் கண் இமையை இழுத்துப் பார்த்தாள்.

“உள்ள தண்ணிதாம்மா. புள்ள இல்ல.”

நீ கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கேட்டாய்: “அப்ப எனக்குப் பசிச்சதெல்லாம் யாருக்குங்க?”

அந்த வாரமே போய்விட்டாய்.

யாருக்கு என்பது இப்போதுதான் தெரிந்தது. வில்லையைக் கொடுக்கும்போதே ஆஸ்பத்திரி ஐயா சொன்னார்: நூல் துண்டு போன்ற புழுக்களாம். குடலின் உள்தோலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்குமாம். கசிகிற ரத்தம்தான் கறுப்பாக இறங்குமாம். ரத்தம் வற்றினால் தூரம் நின்றுபோகும், உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், மண்மேல் ஆசை வருமாம். ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, பெயர் சொல்லாமல் உன்னையே சொல்வது போலிருந்தது.

மண் தின்றே மண்ணாய்ப் போனாள் என்று அன்றைக்கு லயம் பேசியது. அள்ளிக் கொடுத்த கை என்னுடையது. புதுமழைக்கு மண் மணக்கும்போது ஊரெல்லாம் மூக்கை விரிக்கிறது. நான் இன்றுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன். யாராவது கேட்டால் சொல்லிச் சமாளிக்க வேடிக்கையாக ஒரு காரணம்கூட வைத்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை.

வேட்டியைத் தேடிக் கட்டிக்கொண்டு, ஐயாவிடம் திரும்பப் போய், மண் தின்றதால்தான் புழு வந்ததா என்றும் விசாரித்தேன். புழு வெறுங்காலின் தோலைத் துளைத்துத்தான் ஏறுமாம். மண்பசி அதற்குப் பிறகு வருவதாம்.