நிவாரணமாகப் போன ரவிக்கைத் துணி

ஜனக்புரி,
சனிக்கிழமை காலை

அன்புள்ள காமாக்ஷிக்கு,

மெல்பர்னில் நீயும் பேத்தியும் சௌக்கியம்தானே? இங்கே நான் நன்றாக இருக்கிறேன், என் முழங்கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிடி, அப்புறம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதமாக எழுதி, படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புகிறேன்.

போன ஞாயிறு நம் சங்கத்தில் அகதிகளுக்கு நிவாரணம் வழங்கினோம். விகாஸ்புரிப் பக்கம் குடியிருக்கும் பர்மாக்காரக் குடும்பங்கள். கேட்டால் உனக்கும் வயிறு எரியும். பல் கிட்டிப் போகிற குளிரில் நம் மகளிர் அணி அந்தப் பெண்களுக்குக் கொடுத்தது தாம்பூலப் பை! மஞ்சள், குங்குமம், வெற்றிலை, கூடவே ஒரு ரவிக்கைத் துணி. யாரும் தைத்துக்கொள்ளாமல் கொலுவுக்குக் கொலு வீடு மாறிக்கொண்டே இருக்குமே, அந்த ரகம். நான் உனக்குக் கொடுத்து, நீ எங்கோ தள்ளிவிட்டு, சுற்றித் திரிந்து என்னிடமே வந்து சேர்ந்த கிளிப்பச்சைத் துணியையும் நானே பையில் போட்டேன். அதனால் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் திட்டுகிறேன்.

அந்தக் கிளிப்பச்சை நியாங் என்ற பெண்ணுக்குப் போயிற்று. கையில் பச்சைக்குழந்தை. துணியைப் பிரித்துப் பார்த்தவள், அதைக் குழந்தையின் தலையில் சுற்றிக் கட்டினாள். பிறகு உடைந்த ஹிந்தியில் என்னிடம் கேட்டாள்: வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிவிட்டான், அகதி அட்டையைப் பார்த்தாலே யாரும் அறை தருவதில்லை, சங்கத்து மாடி அறை பூட்டித்தானே கிடக்கிறது, குளிர் போகும்வரை இருக்கட்டுமா என்று. கணவன் ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிறான், வாடகையும் தருவார்களாம்.

செயலாளர் ஹரிஷங்கரிடம் போனேன். அந்த அறையில் உற்சவக் குடைகளும் பழைய மைக் செட்டும் இருக்கின்றனவாம், அவற்றை எங்கே வைப்பதாம். குடைக்கு அறை, குழந்தைக்கு நடைபாதையா என்றேன். மனிதர் சிரித்துக்கொண்டே, "மேதா மாமி, உதவி பண்றது வேற, ஒட்டிக்க விடறது வேற" என்றார். பந்தியில் பரிமாற என் கையில் வைத்திருந்த சாம்பார் கிண்ணம் அவருடைய புதுக் கோட்டின் மேல் சாய்ந்தது. கை தவறிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்.

இந்த ஹரிஷங்கரின் பிள்ளை கனடாவில் வேலையில்லாமல் தவித்தபோது, முன்பின் தெரியாத ஒரு சர்தார்ஜி தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டார். மேடை கிடைத்தால் அதைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். மறுநாள் வாட்ஸாப்பில் நிவாரணப் போட்டோ வந்தது. "அகதிகளுக்கு நம் சங்கத்தின் அடைக்கலம்" என்று தலைப்பு. எனக்கு இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை. நான் சாப்பிடாமல் இருந்தேன் என்றால் நிலைமை உனக்கே புரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. பூட்டின வீடு இருண்டு கிடக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை விளக்கேற்று என்று உன் ஃபிளாட் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாயே, நேற்றும் ஏற்றினேன். தனியாகப் போகவில்லை. குழந்தை உன் முன்னறையில் தூங்குகிறது. உன் அலமாரிகளையெல்லாம் பூட்டி வைத்துவிட்டேன். கீஸர் கொஞ்சம் முனகுகிறது, ஆனாலும் வெந்நீர் வருகிறது.

உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். கேட்டிருந்தால் நீ ஹரிஷங்கரிடம் யோசனை கேட்டிருப்பாய்.

உன் ஃபிளாட் சொசைட்டித் தலைவர் சிவகுமார் செவ்வாய்க்கிழமை வருவார். வீட்டுக்காரியின் சம்மதம் இல்லாவிட்டால் அன்றைக்கே வெளியேற்றிவிடுவேன் என்கிறார். குடியிருப்பவர்களைப் பதிகிற போலீஸ் காகிதத்துக்கும் உன் பெயர்தான் வேண்டும். "ஆமாம், எனக்குத் தெரிந்துதான் இருக்கிறார்கள்" என்று அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடேன், காமு. அதற்கப்புறம் என்னை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திட்டு, போனை நடுவில் வைக்க மாட்டேன்.

உன் பேத்திக்கு என் ஆசீர்வாதம். பிறந்து வளர்ந்த ஊரோ வந்து சேர்ந்த ஊரோ, எந்த வாசலிலும் அவளை யாரும் நிற்க வைக்காமல் இருக்கட்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
மேதா