பேரைக் கேட்டு ஊசி போடு

ஜமுனாமரத்தூர்,
12.3.1983

அன்பு மகள் செந்தாமரைக்கு அப்பா அர்ச்சுனன் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி பழனியும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நாக்பூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். புளி உலுக்கி முடிந்தது. கொட்டை எடுக்க ஆள் இல்லாமல் வாசலில் குவிந்து கிடக்கிறது, உன் அம்மா இருந்தால் இந்நேரம் என்னைத் திட்டித் திட்டியே பாதியை முடித்திருப்பாள். பழனி சோறு ஆக்குகிறான். ஆக்குகிறான் என்றுதான் சொல்ல முடியும், அதற்கு மேல் சொன்னால் கோபித்துக்கொள்வான்.

உன் கடிதம் சந்தையன்று வந்தது. அம்மாவுக்குத் தப்பான ஊசி போட்டுவிட்டார்கள் என்று பழனி அவசரப்பட்டு உனக்கு எழுதிவிட்டான். அந்த நர்ஸை வேலையை விட்டு அனுப்பும்வரை விடாதீங்க அப்பா என்று எழுதியிருக்கிறாய். அடுத்த பக்கத்திலேயே, ஊசியை எடுத்தால் கை நடுங்குகிறது, நர்ஸ் வேலையை விட்டுவிட்டு மலைக்கே வந்துவிடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். தந்தி கிடைத்தும் நீ வந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால் நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், பிறகு நீயே யோசி.

காய்ச்சலும் வாந்தியுமாகக் கிடந்தவளை பஸ்ஸில் கீழே கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவளுக்குக் கிடைத்த கட்டில் கக்கூஸ் பக்கத்தில். வார்டின் மறுகோடியில் கணியம்பாடியிலிருந்து சம்பூர்ணம் என்று ஒரு அம்மா, சர்க்கரை வியாதியில் கால் புண்ணாகி அவ்வளவு தூரம் நொண்டிக்கொண்டே போவார்கள். உன் அம்மாவுக்குப் பொறுக்குமா. எனக்கு இன்னா, நடக்க முடியுது, நீ இங்க வந்து படுத்துக்கம்மா என்று சாயங்காலம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலை மாற்றிக்கொண்டாள். நம் பக்கத்தில் ஒருத்தருக்கு இடம் விட யாரைக் கேட்கிறோம். அங்கே கட்டில் எண்ணைப் பார்த்துத்தான் மருந்து என்பது எங்களுக்குத் தெரியாது.

காலையில் பூங்கோதை என்கிற சின்ன நர்ஸ் ஊசித் தட்டோடு வந்தது. முழு வார்டுக்கும் அது ஒருத்திதான். எண்ணைப் பார்த்தது, சம்பூர்ணம் அம்மாவுடைய சர்க்கரை ஊசியை உன் அம்மாவுக்குப் போட்டுவிட்டது. நேற்றுவரைக்கும் மாத்திரைதானே என்று நான் வாயைத் திறப்பதற்குள் இவள் கையை நீட்டிவிட்டாள். அந்தப் பெண் நகர்ந்த பிறகு, நம்ம தாமரை மாதிரியே இருக்குது இல்ல, அதுவும் இப்டித்தான் போடும் என்று சொல்லிச் சிரித்தாள். வயிற்றில் கஞ்சிகூட நிற்காதவளுக்கு, உடம்பில் இருக்கிற சர்க்கரையையும் இறக்கிவிடுகிற அந்த ஊசி. கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டுத் துண்டால் துடைத்துவிட்டேன், தாமரை. தூங்குகிறாள் என்று விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு இன்னும் ஊசி வர்லியே என்று சம்பூர்ணம் அம்மா கேட்ட பிறகுதான் எல்லாரும் ஓடிவந்தார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் சுவரோரம் நின்று தேம்பியது. அதை அறைய வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் இதை அனுப்பிவிட்டால் அடுத்து வருகிற பெண்ணும் எண்ணைத்தானே பார்க்கும். மருந்து ஆளுக்கா கட்டிலுக்கா என்று பெரிய டாக்டரிடம் சத்தம் போட்டேன். அவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். இப்போது நோயாளியின் கையில் பேர் எழுதிய துணிப்பட்டை கட்டுகிறார்களாம், பேரைக் கேட்டுத்தான் ஊசியாம். காரியத்துக்கு வந்த சம்பூர்ணம் அம்மா சொன்னார்கள், சொல்லிவிட்டுக் காப்பியைக்கூடக் குடிக்க முடியாமல் அழுதார்கள்.

அதனால் லீவு போட்டு வா, வேலையை விட்டுவிட்டு வராதே. கை நடுங்கினால் கொஞ்சம் நின்று போடு, தப்பில்லை. உன் முகத்தைப் பார்த்தே நம்பிக் கையை நீட்டுகிற அம்மாக்கள் அங்கேயும் இருப்பார்கள். நீட்டினாலும் போடாதே. பேரைக் கேள், அவர்கள் வாயால் சொல்லட்டும். மறக்காமல் பதில் எழுது, எண்ணெய் தேய்த்துக் குளி, சாமி உன்னை நல்லபடியாக வைக்கட்டும். கல்யாணமானதிலிருந்து நான்கூட உன் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மங்கம்மாள். அன்றைக்குக் காலையில் யாராவது ஒருத்தர் அந்தப் பேரைக் கேட்டிருந்தால் போதும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அப்பா,
அர்ச்சுனன்