வெள்ளிக்கிழமை வரை ஐந்து இராச் சாப்பாடு

7.10.74 திங்கள்

மூன்று மணியிலிருந்து மழை, இடி. கொழும்பில் என் பேப்பருக்கு ட்ரங்க் கோல் கிடைக்கத் தபால் கந்தோரில் நாற்பது நிமிடம். செய்தி இரண்டு: மிளகு விலை, உடைந்த பாலம். வீடு வர ஐந்தே முக்கால்.

மனைவி சரோ கண்டி ஆஸ்பத்திரியில் பத்தாவது நாள். பிள்ளை பிறக்கும் வரை எழுந்து நடக்கக் கூடாதென்று டொக்டர். இன்னும் ஐந்து வாரமாவது. அதுவரை வீட்டில் சுமதி (6), ரவி (மூன்றரை), நான். பகலில் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, எங்களுக்கு ராத்தா, பார்த்துக்கொள்கிறார். இராச் சாப்பாடு என் பொறுப்பு. இதுவரை என்ன கொடுத்தேன் என்று உண்மையாக எழுதினால்: பேக்கரிப் பாண், வாழைப்பழம். பாண் கிடைக்காத நாளில் வாழைப்பழம்.

இன்று தபாலட்டை. உக்குவளையிலிருந்து மதினி, சரோவின் அக்கா. வெள்ளி மாலை வருகிறாராம். பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று கண்டால் இருவரையும் கையோடு கூட்டிப் போவாராம், பிரசவம் முடியும் வரை. நியாயம்தான். ரவியின் கழிசான் இடுப்பில் நிற்கவில்லை.

அதை உரக்க வாசித்தது என் பிழை. சு.: "நான் போக மாட்டேன். அம்மா பாப்பாவோட வந்து கதவத் தட்டினா யாரு தெறக்கிறது?"

"அப்பா தெறப்பேன்."

"நீங்க தபால் கந்தோர்ல நிப்பீங்க."

போக வேண்டாமென்றுதான் ஞாயிறு ஆஸ்பத்திரியில் சரோவும் சொன்னாள்: "புள்ளைங்க நம்ம வீட்டிலயே இருக்கட்டுங்க." ஆக, வெள்ளிக்குள் இரண்டு பேரையும் சாப்பிட வைக்க வேண்டும்.

குறிப்புப் புத்தகத்தோடு ராத்தாவிடம் போனேன். பால்கஞ்சிக்கு உப்பு எவ்வளவு?

"கண் அளவுதான்."

"ஒரு தேக்கரண்டியா, ரெண்டா?"

"இருவது வருஷமா பேப்பருக்கு எழுதுறீங்க, கண் அளவு தெரியாதா?" உள்ளே அவர் கணவரின் சிரிப்பு.

கூப்பன் அரிசி, தேங்காய்ப்பால். அடி பிடித்தது. ரவி: "அப்பா, கஞ்சி ஏன் பொகை மணக்குது?" சு. இரண்டு வாய். ரவி ஒன்று, அதையும் துப்பினான்.

8.10 செவ்வாய்

காலை வெயில், மாலை மழை. கோதுமை மா ஒரு இறாத்தல். வரிசையில் ஒன்றே கால் மணி நேரம்.

தேங்காய் ரொட்டி. ராத்தா சொன்னபடி மா, துருவல், உப்பு, இளஞ்சூட்டுத் தண்ணீர். நான் பிசைந்தது கையை விடவில்லை. பத்து விரலும் ஒட்டி, மூக்கு அரித்து, சொறிய வழியில்லாமல். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரோ போன பிறகு இந்த வீட்டில் அந்தச் சத்தம் இன்றுதான்.

பிறகு சு.வும் கை வைத்தாள். ரவியின் ரொட்டி பஸ்ஸாம். நான்கு சில்லு. கல்லில் போட்டதும் இரண்டு கழன்றன.

"பஞ்சர்," என்றான். சில்லை முதலில் தின்றான்.

ரவி மூன்று. சு. இரண்டு, சம்பலோடு. தாங்கள் செய்ததைத் தின்கிறார்கள். நாற்பத்தாறு வயதில் கண்டுபிடிப்பு.

மா முடிந்தது.

9.10 புதன்

பலாபத்வலப் பக்கம் வேலை. திரும்பும்போது ரோட்டோரத்தில் மரவள்ளி, மூன்று இறாத்தல். இன்று ராத்தாவைக் கேட்கவில்லை. இது எனக்குத் தெரியும்: பட்டை உரித்து, மூடாமல் அவித்து, தண்ணீரைக் கொட்டி. சு. துண்டுகளைக் கழுவினாள். ரவி எண்ணினான்: ஒன்று, இரண்டு, ஐந்து. தேங்காய்ப்பூ தூவி இருவருக்கும் வயிறு நிறைய. சு. இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். கேட்டு வாங்கினாள்!

அவளுக்கு மழையில் கொஞ்சம் இருமல். கருப்பட்டியோடு தேத்தண்ணி போட்டேன், இஞ்சி தட்டி. ரவிக்கும் அரைக் கோப்பை.

ஆறே முக்காலுக்கு ராத்தா கறி கொண்டு வந்தார். வாசலில் மரவள்ளிப் பட்டை. கோப்பையை எடுத்து மணந்தார்.

"அல்லாஹ்வே! மரவள்ளி திண்ட வாய்க்கு இஞ்சியா குடுத்தீங்க?"

மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு. இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. பன்னிரண்டு வருடம் முன் எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் மூன்று பிள்ளைகள் மரவள்ளி தின்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பிழைத்தார்கள். அதைப் பேப்பரில் எழுதி, இஞ்சி சேர்க்காதீர்கள் என்று ஊரை எச்சரித்ததே நான்தான். இன்று எனக்கே மறந்துபோனது.

ராத்தாவின் கணவர் லொறியை எடுத்தார். ரவி என் மடியில். சு. வழி முழுக்க, "என்னப்பா? எங்கப்பா போறோம்?"

மருந்தகத்தில் நோயாளிகளைப் பார்க்கும் அப்போதிக்கரி வயதானவர், சிங்களவர், நல்ல தமிழ். நாக்கு, கண், நாடி பார்த்தார். ஒரு மணி நேரம் மர வாங்கில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். ஒன்றும் ஆகவில்லை. ரவி வாங்குக்கு அடியில் பஸ் ஓட்டினான்.

"கெழங்கு கசந்திச்சா?"

"இல்ல."

"அப்ப பயப்பட வேணாம். கசப்புக் கெழங்கு, ஒழுங்கா அவியாத கெழங்கு, அதால வந்த நோயாளிய கண்டிருக்கேன். இஞ்சியால வந்தத நான் காணல. யாரு சொன்னது இஞ்சின்னு?"

"பேப்பர்ல வந்திச்சு."

"யாரு எழுதினது?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க வீட்டிலயும் சேக்கிறதில்ல," என்றார்.

10.10 வியாழன்

மழை இல்லை. பழைய தாளைத் தேடி எடுத்தேன். "இஞ்சியுடன் சேர்த்து உண்டதே காரணம் எனத் தெரியவருகிறது." யாருக்குத் தெரியவந்தது? லயத்தில் ஒருவர் சொன்னார், கடையில் இன்னொருவர். நான் ஒரு டொக்டரையும் கேட்கவில்லை. அடுத்த ட்ரங்க் கோலுக்கு நேரமாகியிருக்கும்.

சு. பாடசாலை விட்டு வந்ததும்: "பெரியம்மாட்ட சொல்லாதீங்கப்பா. சொன்னா எங்கள கூட்டிட்டுப் போயிருவாங்க." ரவியிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவன் "இஞ்சி சொல்ல மாட்டேன், இஞ்சி சொல்ல மாட்டேன்" என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடுகிறான்.

நான் அந்தப் பழைய தாளை மடித்து வைத்தேன்.

அடுப்பு மூட்டக் கை வரவில்லை. பாண், வாழைப்பழம். சு. பாதியை வைத்துவிட்டாள். ராத்தா ஒரு இறாத்தல் மா கொடுத்தனுப்பினார், நாளைக்கு.

11.10 வெள்ளி

தூறல். மதினி ஐந்தரைக்கு வந்தார். கையில் தகரப் பெட்டி. கீழே வைத்த சத்தத்திலேயே தெரிந்தது, உள்ளே ஒன்றுமில்லை. சு. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க மாப்பிள்ளை, நீங்களா சமையல்?"

"நாங்க மூணு பேரும்."

ரொட்டி, முருங்கைக்கீரை. ரவி இன்று லொறி செய்தான். சு. நல்ல வட்டம், ஓரம் பிளக்காமல். மதினி குசினி வாசலில் நின்று பார்த்தார். ரவி நான்கு. சு. இரண்டு. சு. செய்த மூன்றாவதை மதினி தானே எடுத்துக்கொண்டார்.

"பரவாயில்லையே. சரோ சுட்டா கல்லு மாதிரி இருக்கும்."

அந்த இடத்தில் விட்டிருக்கலாம். சு.வின் முகம் தெளிந்துவிட்டது. ஆனாலும் சொன்னேன்: மரவள்ளி, இஞ்சி, லொறி, அப்போதிக்கரி. நடந்த ஒழுங்கில், ஒன்றையும் விடாமல். சு.வின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. ரவி: "நான் சொல்லலக்கா!"

மதினி கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் கேக்கவே இல்லையே. ஏன் சொன்னீங்க?"

"புள்ளைங்கள எங்கிட்ட விட்டுட்டுப் போறதுன்னா தெரிஞ்சு விடுங்க."

பிறகு நான்: "இஞ்சியால ஒண்ணும் கண்டதில்லன்னு அப்போதிக்கரி சொன்னாரு."

"அவரு வீட்டில சேக்கிறாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன பேச்சு?"

எழுந்தார். பெட்டியைத் திறந்தார். சு. ரவியின் கையை இறுக்கிப் பிடித்தாள். மதினி குசினிக்குள் போய்த் தட்டு, டின், அடுப்புக்கு மேலே எல்லாம் துழாவினார். வீட்டில் இருந்த இஞ்சி அத்தனையையும் என் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

"சரோ வர்ற வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும். அடுத்த வெள்ளியும் வருவேன். இவன் கழிசான் அப்பவும் நிக்கலன்னா இவனும் பெட்டிக்குள்ளதான்."

ரவி உடனே இன்னொரு ரொட்டி கேட்டான்.

மதினியை ஏழு மணி ரயிலுக்கு விட்டு வந்தோம். சு. கதவைத் தாழிட்டாள். திறந்தாள். நாற்காலியை இழுத்து வந்து ஏறி மறுபடி தாழிட்டாள், திறந்தாள்.

"மேல் தாழ்ப்பாளும் எட்டுதுப்பா. அம்மா தட்டினா நானே தெறப்பேன்."